இருபதாவது ஆட்டம்

வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். ஒரு கால்பந்துக் கிளப்பில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இதில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சட்டம் ஒன்று உண்டு: 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பயிற்சியாளர் 'நான் உன்னை நம்புகிறேன்' என்றால் நானும் 'நான் உன்னை நம்புகிறேன்' என்றே சொல்ல வேண்டும். டாக்டர் பேசும்போது நான் டாக்டர். நிருபர் கேட்கும்போது நான் நிருபர். நடுவில் ஒரு ஆள் இருப்பதே தெரியக் கூடாது. ஆறு வருடமாக அந்தக் கட்டடத்தில் பிறந்த பொய்யில் பாதி என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய் வாய் கொப்பளிக்கிற பழக்கம் எனக்கு எப்போது தொற்றியது என்று தெரியவில்லை.

நான் யாருக்காக மொழிபெயர்த்தேனோ, அவர் இப்போது என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை இந்த ஊருக்கு வந்தபோது வயது இருபத்து நாலு. மைதானத்தின் இடது ஓரத்தில் ஓடுகிறவர். பந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டு போகும். தடுக்க வருகிறவனுக்கு இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். நான் அதற்கு ஆறு வருடம் முந்தியே படிக்க வந்து, படிப்பை முடிக்காமல், லாரிக் கம்பெனியில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். எங்கள் பாஷையும் அவர்கள் பாஷையும் தெரிந்தவன் அந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்பதால் கிளப் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதல் வருடம் பதினாலு கோல் போட்டார். ரயில் நிலைய வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு அவர் படம் தொங்கியது. கடைகளில் பதினொன்று என்று முதுகில் எழுதிய சட்டை தீர்ந்துபோனது. கிளப்பின் இயக்குநர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பார்.

அந்த இயக்குநருக்கு நானும் மாப்பிள்ளையும் வைத்த பெயர் சீப்பு. தலையில் இருப்பது எண்ணி முப்பது முடி. அந்த முப்பதுக்குச் சட்டைப் பையில் ஒரு சீப்பு. யாரோடு பேசினாலும் பேச்சுக்கு நடுவே அதை எடுத்து வாருவார். பிறகு சீப்பின் பல்லில் சிக்கியதை வாயால் ஊதி, எதிரில் இருக்கிறவர் பக்கம் பறக்க விடுவார். என் காபியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. இரண்டு தடவையும் குடித்தேன், ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளருக்கு வைத்த பெயர் தலையாட்டி. சீப்பு வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தலை ஆடத் தொடங்கிவிடும்.

அந்த வருடம் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் மைக்கை நீட்டி, வெற்றியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பார்கள். மாப்பிள்ளை கேமராவை உருக்கமாகப் பார்த்துக்கொண்டு, "பசி உயிர் போகுது மச்சான், எதையாவது சொல்லி முடிங்க" என்பார். நான் அதே உருக்கத்தோடு, "இந்த வெற்றியை ரசிகர்களின் காலடியில் வைக்கிறேன்" என்று அவர்கள் மொழியில் சொல்வேன். மறுநாள் பேப்பரில் அது கொட்டை எழுத்தில் வரும். சட்டமாவது ஒன்றாவது. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் பேசினேன். பையன் தங்கமானவன், கெட்ட பழக்கம் இல்லை, என் கண் பார்வையிலேயே இருக்கிறான் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். தங்கை வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் குடிவைத்தோம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை இந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொள்ளவே இல்லை. தங்கை புத்தகம் வாங்கிவைத்தாள். "மச்சான் இருக்கறப்ப நான் எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்" என்று அவர் அதன் மேல் ஷூவை வைத்தார். நான் அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. அவர் கற்றுக்கொண்டால் என் வேலை என்னாவது என்ற நினைப்பு எனக்கு இல்லவே இல்லை என்று சொன்னால், அது ஆறு வருடப் பொய்களோடு இன்னொன்றாகச் சேரும்.

இரண்டாவது வருடம் கணுக்கால் வீங்கியது. இடைவேளையில் கிளப் டாக்டர் ஊசியோடு வந்தார். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை அது. வலித் தைலமும் ஈரக் காலுறையும் யாரோ எடுத்த வாந்தியும் சேர்ந்து நாறுகிற இடம். மாப்பிள்ளை பெஞ்சில் படுத்திருந்தார். ஒட்டிய பட்டையை டாக்டர் உரித்தபோது ரோமமும் தோலும் கூடவே வந்தன. கட்டை விரல் நகம் கறுத்துப்போய் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "லேசா சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். இதனால கெடுதல் ஒண்ணும் வராது" என்றேன். அதாவது டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்று வாரம் இப்படியே மரத்துப்போன காலோடு ஓடினார். நாலாவது வாரம் கணுக்காலில் நார் அறுந்தது. அறுந்த சத்தம் எனக்கு வெளிக்கோடு வரை கேட்டது.

எட்டு மாதம் படுக்கை. பிறகு ஒரு வருடம் வேறு ஒரு சின்னக் கிளப்புக்கு இரவல். அங்கே மைதானத்தை ஒட்டித் தோல் பதனிடும் ஆலை. நாற்றத்தில் எதிரணி ஆட்டக்காரன் ஒருத்தன் குமட்டிக்கொண்டு வெளியே ஓடியதை நானே பார்த்தேன். திரும்பி வந்தபோது ரயில் நிலையத்தில் வேறு யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனாலும் கால் தேறிவிட்டது. பழைய வேகத்தில் முக்கால்வாசி இருந்தது, புத்தி முன்னைவிட இரண்டு மடங்கு இருந்தது.

போன பருவத்தின் தொடக்கத்தில் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும். அதில் ஒரு ஷரத்து: அந்தப் பருவத்தில் இருபது ஆட்டங்களில் களம் இறங்கினால், ஒரு நிமிடம் இறங்கினாலும் கணக்குத்தான், ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். இறங்காவிட்டால் பருவ முடிவோடு சரி. மாப்பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். சீப்பு தலையை வாரிக்கொண்டே பேசினார். நான் பேசினேன்: "இருபதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. பாதி பருவத்துலயே தாண்டிடுவ. நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து காரில் ஏறும்போது, "நீங்க சொன்னப்புறம்தான் மச்சான் தைரியம் வந்துச்சு" என்றார். சொன்னது நான் இல்லை, சீப்பு என்று அப்போதே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருடமாக அவருக்கு எல்லா வாக்கும் மச்சான் குரலில்தான் வந்திருக்கிறது. டாக்டர் குரல் எது, முதலாளி குரல் எது, மச்சான் குரல் எது என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? பாராட்டு என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.

பருவத்தின் நடுவில் ஒரு மாதம் மட்டும் ஆட்டக்காரர்கள் கிளப் மாறலாம். அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் மாறாவிட்டால் பருவம் முடியும் வரை இருக்கிற இடத்தில்தான். அப்போது மாப்பிள்ளை பதினாறு ஆட்டம் ஆடியிருந்தார். இதே நாட்டில் கீழ்ப்பிரிவில் இருக்கும் ஒரு கிளப்பிலிருந்து கடிதம் வந்தது: இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தோடு வரலாம். அப்போது தங்கைக்கு நாலாவது மாதம். அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு. கர்ப்ப காலம் முழுவதும் விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அவர்கள் தங்குகிற அனுமதியோ மாப்பிள்ளையின் ஒப்பந்தத்தோடு கட்டியது. ஒப்பந்தம் முடிந்தால் முப்பது நாளில் மூட்டையைக் கட்ட வேண்டும். குழந்தைக்குக் குறித்த நாள் அந்த முப்பது நாளையும் தாண்டி இன்னும் இருபத்தைந்து நாளில் வந்தது. ஆக, ஒன்று இங்கே இருபது ஆட வேண்டும், இல்லை அங்கே போக வேண்டும்.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சீப்பு நேரம் கொடுத்திருந்தார். நான் ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சுவரோரம் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையாட்டியும் இருந்தார். இரண்டு பேரும் என்னை மின்விசிறி அளவுக்குத்தான் மதிப்பார்கள் என்பதால் என் முன்னாலேயே பேசினார்கள்.

"இடது பக்கத்துக்கு வாங்கின புதுப் பையன் காயம் ஆறி வர மூணு வாரம் ஆகும்" என்றார் தலையாட்டி.

"அப்ப இவன மூணு ஆட்டம் ஓட்டு. பத்தொன்பது. அதுக்கு மேல ஒண்ணு கூடப் போகக் கூடாது" என்றார் சீப்பு. சீப்பை ஊதினார். தலையாட்டி தலையாட்டினார்.

கதவைத் தட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். தலையைப் படிய வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரவில்லை. "மச்சான், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். "எனக்குக் குழந்தை பிறக்கப் போகுது. வேற எடத்துல கூப்பிடறாங்க. இங்க என்னை ஆட வைப்பீங்கன்னா இருக்கேன். இல்லன்னா நாளைக்கே போயிடறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். உண்மைய மட்டும் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை.

சீப்பு எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் இரண்டு கையையும் வைத்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற குரல். அவர் நிறுத்தியதும் என் முறை வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ தடவை திரும்பப் போய் நின்று பார்த்துவிட்டேன். அந்த வேலையில் சேரும்போது நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன், உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று. என் அனுமதியும் அந்த வேலையோடு கட்டியதுதான். திரும்ப லாரிக் கம்பெனிக்குப் போய்ச் சரக்குச் சீட்டு எழுதுகிற வயது எனக்கு இல்லை. தலையாட்டிக்கு எப்படியும் ஆள் பற்றாக்குறை வரும், இருபது தானாக ஆகிவிடும் என்றும் ஒரு சமாதானம் ஓடியது. இத்தனைக்கும் ஒரே பெயர்தான். பயம்.

"எங்கயும் போகாத. நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன். "நான் வாக்குக் கொடுக்கறேன்."

"அது போதும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அன்று மாலையே அந்தக் கிளப்புக்கு வரவில்லை என்று கடிதம் எழுதச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன், அழகான கடிதம்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பத்தொன்பதாவதில் கோல்கூடப் போட்டார். சீப்பு மாடிக் கண்ணாடி அறையிலிருந்து கை தட்டினார்.

அதற்குப் பிறகு பெஞ்ச். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாம் பாதி தொடங்கியதும் தலையாட்டி கை காட்டுவார், மாப்பிள்ளை எழுந்து வெளிக்கோட்டோரம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓடுவார். போவார், வருவார், குனிவார், குதிப்பார். ஆட்டம் முடியும். வியர்வையோடு வந்து உட்காருவார். ரசிகர்களில் சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். "அடுத்த ஆட்டத்துக்கு உன்னைப் பாத்து வச்சிருக்கேன்" என்பேன் நான். "இந்த எதிரணிக்கு உன் வேகம் பொருந்தல, அடுத்ததுக்குப் பொருந்தும்" என்பேன். எல்லாம் தலையாட்டி சொல்வது. சொல்லச் சொல்ல என் நாக்கே எனக்கு ஊசிப்போன பண்டம் மாதிரி ஆகிவிட்டது. தங்கை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். ஒரு நாள் போனபோது அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவைக் காட்டினாள். ஆட்டத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதானேண்ணா. ஒரு நிமிஷம் எறக்கினாக்கூட போதும்ல?"

"போதும்" என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை மதியம். பட்டியலில் எங்கள் கிளப் நடுவில் இருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய இருபது நிமிடம் இருக்கையில் இடது ஓரத்தில் ஓடிய புதுப் பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஸ்டிரெச்சரில் தூக்கிப் போனார்கள். மாற்று ஆளை இறக்க இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. பெஞ்சில் இடது பக்கம் ஆடுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

மாப்பிள்ளை யாரும் சொல்வதற்கு முன்பே மேல்சட்டையைக் கழற்றிவிட்டார். முழங்காலுக்குக் கீழே காப்பைச் செருகி, காலுறையை இழுத்துவிட்டு, கோட்டருகே போய் நின்றார். கோட்டோரத்தில் நிற்கும் நடுவர் பலகையில் பதினொன்று என்ற எண்ணைப் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து பழைய ரசிகர்கள் பதினொன்று, பதினொன்று என்று கத்த ஆரம்பித்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் உடம்பு சிலிர்த்தது. நடந்துவிடும் என்றே நம்பிவிட்டேன்.

தலையாட்டி மாடிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். அங்கே சீப்பு தலையை வாரிக்கொண்டிருந்தார். வாருவதை நிறுத்தாமல், மற்றக் கையின் ஒரு விரலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். தலையாட்டி நடுவரிடம் போய், தலையைப் பக்கவாட்டில் அசைத்தார். அவர் தலை அந்தப் பக்கமும் ஆடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நடுவர் நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டார். பிறகு பலகையை அணைத்தார். பத்துப் பேரோடு ஆடினாலும் ஆடுவோம், இருபதாவது ஆட்டம் கிடையாது.

தலையாட்டி என்னிடம் வந்தார், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல். "கணுக்காலுக்கு ஆபத்து, அவன் நல்லதுக்குத்தான் உட்காரச் சொல்றேன்னு சொல்லு."

நான் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றேன். நல்லதுக்குத்தான் என்ற சொல் தொண்டை வரை வந்தது. கூடவே ஏதோ புளித்துக்கொண்டும் வந்தது. கோட்டோரப் புல்லில் துப்பினேன்.

"மாப்ள, உங்கள எறக்க மாட்டாங்க. பத்தொன்பதோட நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் இல்லாத இடது ஓரத்தில் எதிரணிக்காரன் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

"எப்போ முடிவு பண்ணாங்க?"

"அன்னிக்கு. அந்த வியாழக்கிழமை."

"நான் வந்துட்டுப் போனதுக்கு அப்புறமா?"

"நீங்க கதவத் தட்டறதுக்கு முன்னாடி."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டாயிரம் பேர் முன்னால் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். குனிந்து காப்பை உருவினார். மேல்சட்டையை மாட்டி ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார். அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. பிறகு இன்னொன்றும் போட்டது.

"அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான்" என்றார். "எனக்கு உங்க அளவுக்குச் சரியா சொல்ல வராது."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் ஏறினேன். தங்கை டி.வியில் ஆட்டத்தைப் பார்த்திருந்தாள். வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். அவள் மடியில் அந்த ஸ்டிக்கர் தாள், ஒரே ஒரு நட்சத்திரத்தோடு.

"கோட்டுகிட்ட வந்து நின்னாரே, ஏன் திரும்பிட்டாரு? காலு வலிச்சுதா?"

நின்றுகொண்டே சொன்னேன். சீப்பு இப்படிச் சொன்னான் என்று தொடங்கினேன். அது பாதியில் நின்றுவிட்டது. திரும்ப, நான் இப்படிச் சொன்னேன் என்று தொடங்கினேன். மின்விசிறி மாதிரி உட்கார்ந்திருந்தது, பத்தொன்பது என்று கேட்டது, கதவு தட்டப்பட்டது, வாக்குக் கொடுத்தது, அழகான கடிதம் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவர் கேட்டாரா? உண்மைய மட்டும் சொல்லுங்கன்னு?"

"கேட்டார்."

"அத நீ அவங்ககிட்ட சொன்ன."

"சொன்னேன்."

"அவங்க பொய் சொன்னாங்க. அதையும் அவர்கிட்ட சொன்ன."

"அதுதானம்மா என் வேலை. சொன்னத மாத்தக் கூடாது."

"பசிக்குதுன்னு அவர் சொன்னத ரசிகர்கள் காலடின்னு மாத்தினியே" என்றாள். குரல் உயரவே இல்லை. "அண்ணா, அந்த ரூம்ல நம்ம பாஷை தெரிஞ்சவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு" என்றேன். "நானும் மாப்பிள்ளையும்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். வயிற்றைத் தாங்கியபடி நடந்து போய், நான் வெளியே போவதற்காக வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.